நா ட்ராங்கில் உங்கள் மகன் வழி தவறிய நாள்

என் அன்பு மாமிக்கு,

நாங்கள் வியட்நாமிலிருந்து திரும்பி வந்து சில கிழமைகளாகின்றன. உங்கள் மகன் இப்போது பின்வளவில் புல் வெட்டிக்கொண்டிருக்கிறார். நான் லின்ஃபீல்ட் வீட்டுக் குசினி மேசையில் இருந்து, ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தபடி இதை எழுதுகிறேன். வெட்டிய இடத்தையே திரும்பவும் வெட்டுகிறாரா என்று பார்க்கிறேன். கட்டிய புருஷனை இப்படி வேவு பார்ப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, மாமி.

கோயிலில் காண்பவர்கள் எல்லாரும் "வியட்நாம் எப்பிடி?" என்றுதான் கேட்கிறார்கள். நல்ல சாப்பாடு, நல்ல கடல் என்று சொல்லிவிட்டு நழுவிவிடுகிறேன். உண்மையை உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்வது? உங்களுக்குத்தானே இது தெரியும்.

தெரியும் என்கிறேன், ஆனால் உங்கள் கடைசிக் காலம் உங்களுக்கே தெரியாத காலம் அல்லவா? நீங்கள் கேற்றைத் திறந்துகொண்டு பிளொக்ஹவுஸ் பே பக்கம் நடந்துவிடுவீர்கள். பஸ் தரிப்பில் நிற்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் எங்கள் ஊர்ச் சுன்னாகத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்பீர்கள். உங்கள் மகன் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, காரில் ஒவ்வொரு தெருவாகத் தேடிக் கூட்டிவருவார். இந்த நகரத்தின் நிலத்தையெல்லாம் அளந்த மனிதர் அவர். அவருக்குத் தெரியாத சந்து, ஒழுங்கை இருக்கவில்லை.

அந்த அளவை வேலையை அவர் இந்த வருடம் திடீரென்று விட்டுவிட்டார். "அலுத்துப் போச்சு" என்றார். நானும் நம்பினேன்.

பயணத்தை ஒழுங்கு செய்ததும் அவர்தான். நா ட்ராங் ஒரு கடற்கரை நகரம். பார்க்க வேண்டிய இடங்களை எல்லாம் ஒரே நாளில் நாங்களே நடந்து பார்ப்பது என்று முடிவெடுத்தார். கடற்கரையில் தாமரை மொட்டுப் போல நிற்கும் கோபுரத்தில் தொடங்கி, கல்லால் கட்டிய தேவாலயம், மலைமேல் இருக்கும் வெள்ளைப் புத்தர், பிறகு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அம்மனுக்குக் கட்டிய பழைய செங்கல் கோபுரங்கள். வழிகாட்டி ஒருவரைப் பிடிப்போமா என்று கேட்டேன்.

"நிலம் அளந்தவனுக்கு வழிகாட்டியோ?" என்று சிரித்தார். அந்தக் கோபுரங்களுக்குப் பெயர் போ நகர். "பாத்தீரே, தமிழிலையே சொல்லிப்போட்டாங்கள். போ, நகர்! பேந்தென்ன, நடக்க வேண்டியதுதான்."

காலையில் நல்ல உற்சாகமாகத்தான் புறப்பட்டோம். அந்த ஊரில் வீதியைக் கடப்பதே ஒரு கண்டம், மாமி. மோட்டார் சைக்கிள்கள் வெள்ளம் போல வருகின்றன, ஒன்றும் நிற்பதில்லை. நாங்கள்தான் மெதுவாக இறங்கி நடக்க வேண்டும், அவை எங்களைச் சுற்றிக்கொண்டு ஓடும். நான் கண்ணை மூடிக்கொண்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கூட்டிக்கொண்டு போனார். அப்போது எனக்கு ஒரு பயமும் இல்லை.

தேவாலயத்துக்கு முன்னால் இருக்கிற சுற்றுவட்டத்தில் வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். வெயிலுக்குக் கண் கூசுகிறதாக்கும் என்று நினைத்தேன். பிறகு மலைப்படி ஏறி வெள்ளைப் புத்தரைப் பார்த்தோம். நகரம் முழுவதும் கீழே தெரிந்தது. அவரைப் புத்தருக்குக் கீழே நிற்க வைத்துப் படம் எடுத்தேன். இறங்கிவந்து கொஞ்சத் தூரம் நடந்திருப்போம்.

"சரி, இனி அந்த வெள்ளைப் புத்தரைப் பாப்பம். எந்தப் பக்கத்தாலை ஏறுறது?" என்றார்.

நான் சிரித்தேன். பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், "ஓமோம், சும்மா சொன்னனான்" என்று முன்னால் நடந்தார். அவருடைய முதுகைப் பார்த்தபடி நான் பின்னால் போனேன். முதன்முதலில் நீங்கள் உலையில் அரிசிக்குப் பதிலாக உப்பைக் கொட்டிவிட்டு அப்படித்தான் "சும்மா" என்று சொன்னீர்கள்.

பாலத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கோப்பிக் கடை. அவரை வாசலில் ஒரு முக்காலியில் இருத்தி, "இதிலையே இருங்கோப்பா, ஒரு இடமும் போகாதேங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே கழிவறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது பாதி குடித்த கோப்பி அப்படியே இருந்தது. முக்காலி வெறுமையாக இருந்தது.

அவருடைய கைபேசி என் கைப்பையில் இருந்தது.

வீதியில் இறங்கி அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். யாரும் திரும்பக்கூட இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் மோட்டார் சைக்கிள். ஒரு பக்கம் ஆறு. எனக்கு ஆங்கிலம்கூட வரவில்லை. மகள் நிலானிக்குப் போன் எடுப்போமா என்று யோசித்தேன். இங்கே பக்குரங்காவில் இருக்கிற பிள்ளையிடம் என்னவென்று சொல்வது? அப்பாவைத் தொலைத்துவிட்டேன் என்றா?

கடைக்காரப் பெண்தான் ஓடிவந்தாள். தன் கைபேசியில் அவள் மொழியில் ஏதோ சொன்னாள். அது ஆங்கிலத்தில் "உன் கணவர் என்ன நிறச் சட்டை?" என்று என்னைக் கேட்டது. புத்தருக்குக் கீழே எடுத்த படத்தைக் காட்டினேன். அடுத்த நிமிடம் என் தலையில் ஒரு ஹெல்மெட்டை மாட்டி, மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டாள். கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தாள், மாமி.

முதலில் வந்த வழியே மலையடி வரைக்கும் போனோம். அங்கே இல்லை. திரும்பிப் பாலத்தில் ஏறினோம். ஓரத்தில் சிலர் கூடி நின்று தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மீன் பிடிக்கிறவர்கள் என்று தெரிவதற்குள் என் உயிர் போய் வந்தது. முன்னால் இருந்தவளின் சட்டையை நான் பிடித்த பிடியில் அது கிழிந்திருக்கும்.

அந்தச் செங்கல் கோபுரங்களின் முற்றத்தில்தான் அவர் நின்றார். அரைக் காற்சட்டையோடு கோயிலுக்குள் போகிறவர்களுக்குக் கொடுக்கிற சாம்பல்நிற அங்கியை யாரோ அவருக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். அதே அங்கியில் நின்ற பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"இஞ்சரும், அம்மாவைக் கண்டனீரே? பாலத்திலை எனக்கு முன்னாலை போனவ. கூப்பிடக் கூப்பிட நிக்கேல்லை."

மாமி, நீங்கள் அங்கே வந்தீர்களா? வந்திருந்தால், ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?

அவருடைய கையைப் பிடித்து ஒரு மர நிழலில் இருத்தினேன். தண்ணீர் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அம்மன் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் அங்கியைத் தொட்டுப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல மாறியது.

"நான் இப்ப என்ன சொன்னனான்?"

"ஒண்டுமில்லையப்பா. வெயில்."

"வெயில் இல்லை." என் பக்கம் திரும்பவில்லை. "வேலையை அலுத்துப்போய் விடேல்லை நான். நான் கீறின வரைபடமே எனக்கு விளங்கேல்லை. ரெண்டு தரம் அப்பிடி வந்திட்டுது. உமக்குச் சொல்லேல்லை. தெரியாத ஊரிலை, ஒருத்தரிட்டையும் கேக்காமல், ஒரு நாள் முழுக்க வழி பிடிச்சு நடந்து பாப்பம் எண்டுதான் இஞ்சை வந்தனான். நடந்திட்டன் எண்டால் எனக்கு ஒண்டுமில்லை எண்டு நினைச்சன்."

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. "பயமாயிருக்கப்பா" என்று மட்டும் சொன்னார். நாற்பது வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

வாசலில் அந்தப் பெண் எங்களுக்காகக் காத்து நின்றாள். அவரைக் கண்டதும் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டாள். அவர் இரண்டு கையும் கூப்பி அவளைக் கும்பிட்டார்.

இங்கே வந்ததும் டொக்டரிடம் போனோம். அங்கே தாதியாக இருப்பது மதுரைப் பிள்ளை ஒருத்தி. "ஆன்ட்டி, பயப்படாதீங்க. வைட்டமின் குறைஞ்சாக்கூட இப்படி மறதி வரும். முதல்ல ரத்தம் எடுத்துப் பாப்போம்" என்றாள். ரத்தத்தில் ஏதாவது குறை இருக்க வேண்டும் என்று சாமியறையில் நின்று கும்பிட்டேன். ஒரு குறையும் இல்லை என்று முடிவு வந்தது. இனி மூளையைப் படம் எடுத்து, விசேட வைத்தியரைப் பார்க்க வேண்டும். அது வருகிற கிழமை.

நிலானியிடம் அவரே சொன்னார். அவள் ஆங்கிலத்தில் ஏதேதோ வேகமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் தமிழில் "நான் இருக்கிறன் அப்பா" என்று கட்டிப்பிடித்தாள். பிறகு குசினிக்குள் என் பின்னால் வந்து மெதுவாகக் கேட்டாள். "அப்பம்மா, பிறகு அப்பா. அதுக்குப் பிறகு நானா, அம்மா?" குழாயைத் திறந்துவிட்டு ஒரு கோப்பையைக் கழுவிக்கொண்டே நின்றேன். என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும், மாமி?

நேற்று தேத்தண்ணி குடிக்கும்போது உங்கள் மகன் என்னிடம் ஒன்று கேட்டார். "சுன்னாகம் பஸ் இண்டைக்கு ஓடாது, நாளைக்குப் போவம் எண்டு அம்மாவுக்கு எவ்வளவு பொய் சொன்னனான். அப்பிடி எனக்குச் சொல்லாதையும். எனக்கு விளங்கிற வரைக்கும் உண்மையைச் சொல்லும். அழுதாலும் பரவாயில்லை."

ஓம் என்றேன். நாளைக்கு அவர் உங்களைத் தேடினால், நீங்கள் இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டும். அவர் அதைப் புதிதாகக் கேட்பது போலக் கேட்பார். அன்றைக்கும் சொல்ல வேண்டும், அடுத்த நாளும் சொல்ல வேண்டும்.

ஆனாலும் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். அவருக்கு விளங்குகிற காலம் வரைக்கும் பொய் சொல்லமாட்டேன். விளங்காத காலம் வரும்போது, அவர் உங்களுக்குச் சொன்னதைவிட நல்ல பொய்யாகச் சொல்வேன். இரண்டு காலத்திலும் அவருடைய கையை விடமாட்டேன். நீங்கள் அவருக்கு முன்னால் நடந்து போவதாக இருந்தால் மட்டும், தயவுசெய்து கொஞ்சம் மெதுவாக நடவுங்கள் மாமி. பின்னால் நானும் வரவேண்டும்.

உங்கள் மகனைக் கைப்பிடித்தவள்,
மருமகள் சுகந்தி