டிசம்பர் இருபதை எடுத்தது யார்?

சேக்காடு, ஆவடி
ஞாயிறு மதியம்

அன்புள்ள மகன் லிபினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், டப்ளினில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நம் மேடை அலங்கார வேலைக்கு நோட்டு எதற்கு, நாலு பேர் போனிலும் ஒரே காலண்டர் தெரியும், இலவசம் என்று நீதானே மே மாதம் போட்டுக் கொடுத்தாய். எனக்கு இஷ்டமே இல்லை. டிசம்பர் இருபதில் 'லிபின் வருகிறான்' என்று முதல் வரி போட்டாய் பார், அதற்காகத்தான் சரி என்றேன். உன்னைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. போன ஞாயிறு பருத்திப்பட்டு கோயிலுக்குப் பூசைக்குப் போனால், வாராவாரம் நாம் அலங்கரிக்கிற பீடம் ஒரு பூ இல்லாமல் மொட்டையாக நிற்கிறது! சனிக்கிழமை நான் மாங்காட்டில் கல்யாண மேடையில் மாட்டிக்கொண்டேன். காலண்டரில் இல்லையே என்று பத்மா பூ வாங்கவில்லை, பூபாலன் வண்டியை எடுக்கவில்லை. போனைப் பார்த்தால் ஒரு ஞாயிறுகூட இல்லை. டிசம்பர் இருபதும் இல்லை.

பூபாலன் மேல்தான் முதலில் பாய்ந்தேன். இன்னாக்கா, நான் பாத்துகினு வண்டி எடுக்கிறவன், எனக்கு அழிக்கவே தெரியாதுக்கா என்று அழாத குறை. அந்தக் காலண்டர் கம்பெனிக்குப் போன் போட்டால், யார் அழித்தது என்று பார்க்க ஆளுக்கு மாசம் முந்நூறு ரூபாயாம். பத்மாவும் பூபாலனும் எழுதுவதே இல்லையே, பார்க்கிறவர்களுக்குமா காசு என்றேன். பார்த்தாலும் யூசர்தான் மேடம் என்கிறான். என்ன அநியாயம்! கல்யாணத்தில் மேடையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் தலைக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணுகிறேனா? நான் போட்ட சத்தத்தில் பதினைந்து நாள் சும்மா பாருங்கள் என்று திறந்துவிட்டான்.

ஞாயிறுகளை எடுத்தது உன் அப்பா. காலையில் எழுந்ததும் தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிப்பாரே, அதே பழக்கத்தில் போனிலும் முடிந்த நாளை அழித்துக்கொண்டே வந்திருக்கிறார். அதற்கு முந்தின திங்கட்கிழமை போன், இந்த ஞாயிறு மட்டுமா, எல்லா ஞாயிறுமா என்று கேட்டிருக்கிறது. கண்ணாடி போடாமல் எல்லாம் என்று தட்டிவிட்டார். ஃபேக்டரியில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய மனுஷன்! டிசம்பர் இருபதையும் இவர்தான் கிழித்திருப்பார் என்று அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டே போனில் பட்டியலைக் கீழே தள்ளிப் பார்த்தேன். பாவம், அதை எடுத்தது அவர் இல்லை. அந்த வரிக்கு நேரே உன் பெயர் இருக்கிறது லிபின். செப்டம்பர் நான்காம் தேதி அழித்திருக்கிறாய்.

லீவு கிடைக்கவில்லையோ, டிக்கெட் விலையோ, எதுவாக இருந்தால் என்ன, சொல்வதற்கு வாய் இல்லையா உனக்கு? அதற்குப் பிறகு எத்தனை தடவை பேசினாய்! பலகாரம் என்ன வேண்டும் என்று கேட்டேனே, முறுக்கு என்றாயே, எப்படியடா வாய் வந்தது? அப்பா கண்ணாடி போடாமல் அழித்தார், நீ தெரிந்தே அழித்தாய். எனக்கு அழுகை அழுகையாக வருகிறது.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. மாதா உனக்குத் துணை இருக்கட்டும். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், சுவரில் இருக்கிற காலண்டரில் டிசம்பர் இருபதாம் தாளில் உன் பெயரைப் பேனாவால் எழுதியிருக்கிறேன். அதைத் தொடக்கூடாது என்று அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது. எடுக்க வேண்டுமானால் நீ நேரில் வந்துதான் கிழிக்க வேண்டும்.

கோபம் தீராத உன் அம்மா,
ஞானகுமாரி ஆரோக்கியசாமி