மறைந்த புள்ளிகள்

வியாழன். தூக்கம் வரவில்லை.

கொல்கத்தாவில் கிடர்பூர் சாலையோரக் கடைகளை எடுத்துவிட்டால் அந்த மனிதர்கள் என்ன ஆவார்கள் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனை இன்று மாநகராட்சி அதிகாரிக்குக் காட்டினோம். ஒவ்வொரு கடைக்காரரும் ஒரு புள்ளி. வேறு பிழைப்பு கிடைக்காத புள்ளியைத் திரையிலிருந்தே நீக்கிவிடும்படி எழுதியிருக்கிறோம், வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக. கடைசியில் மிஞ்சியதெல்லாம் பச்சைப் புள்ளிகள்.

"எல்லாருக்கும் வழி கிடைச்சிடுதே!" என்று அதிகாரி மகிழ்ந்துபோனார்.

"சார், கிடைக்காதவங்க..." என்று ஆரம்பித்தேன். எங்கள் மேலாளர் சேகர் சார் குறுக்கிட்டார். "அதெல்லாம் ரிப்போர்ட்ல பின்னாடி இருக்கும்மா."

பின்னாடி யார் படிக்கப்போகிறார்கள்? கடைகளை எடுக்க அங்கேயே கையெழுத்தாகிவிட்டது.

பஸ் ஏறுமுன் அதே கிடர்பூர் சாலையோரம் பிமல்தாவின் டீக்கடையில் டீ குடித்தேன். கணக்கெடுக்கப் போனபோது எங்களிடம் முதலில் பேசியவர் அவர்தான். வயதானவர், ஒரு கால் சரியில்லை. எத்தனை முறை ஓட்டினாலும் முதலில் மறைவது அவருடைய புள்ளி.

மண் குவளையை நீட்டியபடி என்னை அக்கா என்றழைத்து வங்காளத்தில் சொன்னார்: "உங்க கம்ப்யூட்டர்ல எனக்கு நல்ல இடமாப் பார்த்துப் போடுங்க, தீதி."

சரியென்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.