பதினான்காவது கேள்வி

24 ஏப்ரல் 2025, வியாழன்

தேர்வாய் கண்டிகை திருப்பத்தில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதால் கம்பெனி பஸ் அரை மணி தாமதம். வீட்டுக்கு வந்தால் ஷைனி வாசலிலேயே நிற்கிறாள், கையில் ஒரு காகிதம். அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். ஏலகிரி மலையில் ஏழு நாள் இயற்கை முகாம். மாவட்டம் முழுக்க முப்பது பிள்ளைகள், இவள் பள்ளியில் இவள் ஒருத்திதான். பழவேற்காட்டுப் பறவைகளைப் பற்றி ஒரு நோட்டு முழுக்க எழுதி, வரைந்து வைத்திருந்தாளே, அதை தேவதர்ஷினி டீச்சர் அனுப்பி வைத்திருக்கிறார்.

“ஏழு நாளும் அங்கயே தூங்கணும்மா,” என்றாள்.

சந்தோஷப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

25 ஏப்ரல்

பன்னிரண்டு வயதாகிறது. நானோ அவள் அப்பா எட்வர்டோ பக்கத்தில் இல்லாமல் ஒரு நாள் தூங்கியதில்லை. எனக்கு இரவு ஷிஃப்ட் என்றால் அவர் பகல் டியூட்டி கேட்டு வாங்கிக்கொள்வார்.

எட்டு வயதில் முதல் முறை அது வந்தது. கை கால் வெட்டி இழுத்து, கண் மேலே செருகி. அதன் பிறகு ஐந்து முறை. கடைசியாகப் போன வருடம் மார்ச்சில். எல்லாம் வீட்டில், விடியற்காலையில். அதனால் பள்ளியில் யாருக்கும் தெரியாது. பொன்னேரி டாக்டர் சொன்னது இரண்டே விஷயம் — மாத்திரை தவறக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது. வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து மணியைப் பாருங்கள், கையில் இரும்பெல்லாம் கொடுக்க வேண்டாம் என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். பழைய பூட்டுச் சாவி இன்றும் அவள் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது.

போக வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? என்ன காரணம் சொல்வது?

30 ஏப்ரல்

ஃபார்ம் வந்துவிட்டது. நான்கு பக்கம். பெயர், ரத்த வகை, நீச்சல் தெரியுமா என்றெல்லாம் போய், பதினான்காவது கேள்வி: வலிப்பு, ஆஸ்துமா, இதய நோய் ஏதேனும் உண்டா? ஆம் / இல்லை.

பேனாவை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். எட்வர்ட் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஆம்னு எழுதினா அத்தோட சரி. கேட்லயே நிறுத்திடுவானுங்க. நான் பட்டுகினு வந்தவன், எனக்குத் தெரியாதா?”

அவர் பட்டது உண்மைதான். ஆறு வருடம் முன்பு உருக்காலையில் வேலை கிடைத்து, மெடிக்கல் ஃபார்மில் சர்க்கரை உண்டு என்று ஒளிவு மறைவில்லாமல் எழுதினார். மறுநாள் கேட்டில் பெயரில்லை. அதற்கப்புறம் நாங்கள் எந்த ஃபார்மிலும் எதையும் ‘ஆம்’ என்று எழுதியதில்லை. எனக்கு பிரஷர் இருப்பது கம்பெனிக்குத் தெரியாது. இங்கே பாதிப் பேர் அப்படித்தான். மெடிக்கல் கேம்ப் வந்தால் எல்லோருமே பயில்வான்கள்.

‘இல்லை’யில் டிக் அடித்தேன்.

4 மே, ஞாயிறு

கோயிலில் பாஸ்டர் என்ன பேசினார் என்று தெரியாது. பதினான்கு, பதினான்கு என்று ஓடிக்கொண்டிருந்தது.

7 மே

முகாமின் அட்டவணையை டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தினமும் காலை நாலரைக்கு எழுந்து மலை நடை. புதன்கிழமை ஏரியில் படகு. தூக்கம் கெடும். தண்ணீர். எதற்கெல்லாம் பயப்பட வேண்டுமோ அதையெல்லாம் யாரோ வரிசையாக எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

ஷைனி அதைக் கேலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

11 மே, ஞாயிறு

ஒரு வாரமாகப் பயிற்சி. அலாரம் அடிக்கிற கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்து, காலை எட்டு, இரவு எட்டு, நீயே மாத்திரை எடுத்துப் போட வேண்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். ஆறு நாள் சரியாகப் போட்டாள். இன்று காலை எண்ணிப் பார்த்தால் ஒன்று அதிகம். நேற்று இரவு போடவில்லை. அலாரம் அடித்ததாம், நிறுத்திவிட்டுப் படம் வரைந்தாளாம்.

அடிச்சுட்டேன். முதுகுல. ரெண்டு அடி. அவ அழவே இல்ல, அதான் தாங்கல. “இனிமே மறக்க மாட்டம்மா, அனுப்பும்மா,” அப்படின்றா. அடி வாங்கிகினு கெஞ்சுது புள்ள. நான் அடிச்சது அவளையா?

12 மே

பேசிக்கொண்டோம். மத்தியானம் அவளுக்குப் பிடித்த வஞ்சிரம் வறுத்தேன். அலாரத்தை இனி மாத்திரை போட்ட பிறகுதான் நிறுத்துவாளாம். அவளே போட்ட விதி.

14 மே, புதன்

மாத்திரை அட்டையைப் பையில் பார்த்தால் முகாமில் கேட்பார்கள். யோசித்து யோசித்து, நான் செய்கிற வழியையே செய்தேன். என் பிரஷர் மாத்திரையை நான் தலைவலி மாத்திரை டப்பாவில் போட்டுத்தான் கம்பெனிக்குக் கொண்டுபோகிறேன். அதே மாதிரி இவளுக்கும் சத்து மாத்திரை பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, இருபது மாத்திரையை அதில் போட்டேன்.

“யாராச்சும் கேட்டா?”

“சத்து மாத்திரைன்னு சொல்லு.”

“அது பொய்யாச்சேம்மா.”

“பொய் இல்ல. உன் உடம்புக்கு நல்லதுதான செய்யுது.”

பாட்டிலை வாங்கிக்கொண்டாள். அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

18 மே, ஞாயிறு

பை கட்டியாயிற்று. ஏழு ஜோடி உடை, போர்வை, டார்ச், தொப்பி, பறவை நோட்டு, பாட்டில். பக்கவாட்டு ஜிப்பில் அவளுக்குத் தெரியாமல் அந்தப் பூட்டுச் சாவி. டாக்டர் சிரித்தால் சிரிக்கட்டும்.

19 மே, திங்கள்

திருவள்ளூரில் பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். முகாமைப் பார்த்துக்கொள்கிற பூமிகா மிஸ் சின்ன வயதுப் பெண், சிரித்த முகம். “ஏதாவது சொல்லணுமா அம்மா?” என்று ஒவ்வொரு பெற்றோரையும் கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்தது. எட்வர்ட் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒண்ணும் இல்ல மிஸ். கொஞ்சம் லேட்டா சாப்புடுவா, அவ்ளோதான்.”

பஸ் கிளம்பியபோது ஷைனி கையாட்டினாள். அவள் கையில் அலாரம் கடிகாரம் பெரிதாகத் தெரிந்தது.

20 மே, செவ்வாய்

எழுதிவிட்டால்தான் தூங்க முடியும்.

பத்து மணி டீ இடைவேளை முடிந்து வந்து பார்த்தால், என் பக்கத்து மெஷின் செல்வி தரையில் உட்கார்ந்திருக்கிறாள். முகம் வெளுத்து, சட்டையெல்லாம் வியர்வை. முதலுதவி அறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நர்ஸ் ஆரோக்கியமேரி பிரஷர் பார்த்துவிட்டு, இவ்வளவு குறைவாக இருக்கிறதே, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்.

“ஒண்ணும் துன்னல சிஸ்டர். தலைவலின்னு சாராள் அக்கா பையில இருந்து ஒரு மாத்திர எடுத்துப் போட்டுகினேன். ரெண்டு போட்டேன்.”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். சொல்லாமல் இருக்க முடியுமா? செல்வி கட்டிலில் கிடக்கிறாள். “அது தலைவலி மாத்திரை இல்ல சிஸ்டர். என்னோட பிரஷர் மாத்திரை,” என்றேன். அவர் என் பழைய ஃபார்மை எடுத்துப் பார்த்தார். மூன்று வருடமும் ‘இல்லை’. செல்விக்கு டிரிப் ஏற்றி, ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “இன்னாக்கா இது, டப்பாவ மாத்தி வெச்சிருக்க,” என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சத்து மாத்திரை பாட்டில். முப்பது பிள்ளைகள். எவளாவது ஒருத்தி, எனக்கும் ஒன்று கொடுடி என்று கேட்டால்? கேட்காமலே எடுத்தால்?

போன் கேட்டில் ஒப்படைத்த பெட்டியில். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், டாக்டர் சான்றிதழோடு வந்தால் பார்க்கலாமாம். அதைக் காதில் வாங்கவே இல்லை. கேட்டுக்கு ஓடினேன். பூமிகா மிஸ் எண் கிடைக்கவில்லை. மலையில் சிக்னல் இல்லையாம். பதினேழு முறை. ஐந்தே முக்காலுக்குக் கிடைத்தது.

எல்லாத்தையும் சொன்னேன். ஃபிட்ஸ், ஃபார்ம், பாட்டில்.

“நேத்து நான் நேர்ல கேட்டேனேம்மா. நாளைக்கு அவள படகுல ஏத்தியிருப்பேன்.” கோபம். நியாயமான கோபம்.

“திருப்பி அனுப்பிடுவீங்களா மிஸ்?”

“டாக்டர்கிட்ட பேசிட்டு சொல்றேன்.”

எட்வர்டிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். “நான்தான உன்ன எழுத வெச்சேன்,” என்றார். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

21 மே, புதன்

காலையில் மிஸ் பேசினார். இருக்கலாம். மலை நடை இல்லை, எட்டு மணி வரை தூங்க வேண்டும். படகில் லைஃப் ஜாக்கெட்டோடு மிஸ் பக்கத்தில். மாத்திரை இனி மிஸ் கையில், பெயர் எழுதிய கவரில். நான் அழுதது அவருக்குக் கேட்டிருக்கும்.

“நீங்க மறச்சதுக்கு ஷைனிய ஏன் அனுப்பணும்?” என்றார்.

22 மே, வியாழன்

வந்துவிட்டது. காலை ஆறு பத்துக்கு, தூக்கத்தில்.

ஆறு நாற்பதுக்கு மிஸ் போன். ஒருக்களித்துப் படுக்கவைத்தார்களாம், இரண்டு நிமிடத்தில் நின்றதாம், டாக்டர் பார்த்துவிட்டாராம், பயப்பட ஒன்றுமில்லையாம். நான் பாதியிலேயே பையைத் தூக்கிவிட்டேன். எட்வர்டும் கூட. கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு எப்படிப் போனோம் என்று ஞாபகம் இல்லை. சென்ட்ரல் போய் ஜோலார்பேட்டை வண்டி பிடிக்க வேண்டும்.

பிளாட்பாரத்தில் நிற்கும்போது போன். ஷைனி. குரல் இன்னும் கொஞ்சம் குழறலாக.

“அம்மா, நீ வர்றியா?”

“வந்துகினே இருக்கோம்டா கண்ணு.”

“வராதம்மா. நாளைக்கு என்னோட முறை. பூநாரை பத்தி நான்தான் பேசணும். நீ வந்தா கூட்டிகினு போயிடுவ.”

அவளுக்கு என்னைத் தெரியும். மலையேறிப் போனால் அவளை இறக்கிக்கொண்டுதான் வருவேன்.

வண்டி வந்தது. எட்வர்ட் என் முகத்தைப் பார்த்தார். “இன்னா பண்ணலாம் சாராள்?” அவர் என்னைக் கேட்டு முடிவெடுத்தது கல்யாணத்துக்குப் பின் இதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். நான் ஏறவில்லை. வண்டி போய்விட்டது.

பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த வண்டியையும் விட்டோம்.

23 மே

ஒன்றுமில்லை. முகாமிலிருந்து போன் வரவில்லை. போனைச் சார்ஜரிலிருந்து எடுக்கவே இல்லை.

25 மே, ஞாயிறு

வந்துவிட்டாள். கறுத்து, முழங்காலில் சிராய்ப்போடு. பூநாரை பற்றிப் பேசிவிட்டாளாம். பஸ் முழுக்க “ஷைனி, ஷைனி” என்று கத்துகிறார்கள். மிஸ் என் கையைப் பிடித்தார். நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன். எல்லாரும் பாத்தாங்களா?

“ம். எங்க ரூம்ல எட்டு பேர். பாத்தாங்க. அப்புறம் எல்லாரும் நாஷ்டாவுக்குப் போயிட்டாங்க. எனக்கு இட்லி எடுத்து வெச்சிருந்தாங்க.”

அவ்வளவுதான். நான் நான்கு வருடம் மூடி வைத்தது ஒரு நாஷ்டாவுக்குள் முடிந்துவிட்டது.

பிறகு தானாகச் சொன்னாள். முதல் நாள் சாயங்காலம் ஒரு பெண் சத்து மாத்திரை ஒன்று கேட்டாளாம். இவள் தரவில்லை. அது என்ன மாத்திரை என்றும் சொல்லவில்லை. ரூம் முழுக்க இவளைக் கஞ்சப் பிசினாறி என்று கூப்பிட்டார்களாம். அன்று இரவு எட்டு மணிக்கு அலாரம் அடித்தபோது எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் பாட்டிலை எடுக்கவே இல்லையாம்.

“அதனாலதான் வந்துச்சாம்மா? நீ சொல்லாதன்ன. நான் சொல்லல.”

டாக்டரைக் கேட்டால்தான் தெரியும் என்றேன். எனக்குத் தெரியும். அடிச்சதுக்குத்தான் அன்னைக்கு அழுதேன். இதுக்கு அழக்கூட எனக்கு வாயில்ல.

பையைப் பிரித்தேன். சாவி ஜிப்பிலேயே இருந்தது, யாரும் தொடவில்லை.

30 மே

சான்றிதழ் கொடுத்தேன். வேலை இருக்கிறது. மெஷினிலிருந்து மாற்றி, உட்கார்ந்து சரிபார்க்கிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். இனி இரவு ஷிஃப்ட் கிடையாது, அந்த வருமானமும் கிடையாது. மாத்திரையை அட்டையோடு மேசை மேல் வைக்கிறேன். செல்வி ஒவ்வொரு முறையும், “இது இன்னா மாத்திரக்கா, நெஜமா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள்.

11 ஜூன், புதன்

பள்ளியில் புது வருடத்து ஃபார்ம். நான் வருவதற்குள் ஷைனியே நிரப்பி வைத்துவிட்டாள், கையெழுத்து மட்டும் பாக்கி. நோய் ஏதும் உண்டா என்ற ஒன்பதாவது கேள்வியில் ‘உண்டு’ என்று அடித்து, இடம் போதாமல் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாள்:

வலிப்பு. மாத்திரை காலை 8, இரவு 8. வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். மணி பார்க்கவும். பயப்பட வேண்டாம்.

எட்வர்ட் இரண்டு முறை படித்துவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.