செம்பியின் முதுகில் சேறு

டிசம்பர் 5, 1931, சனி.

இன்று நான் குதிரை ஏறினேன்.

மழையில் அப்பாவின் குதிரை செம்பி வயல் சேற்றில் புரண்டு வந்து நின்றாள். "சுத்தமாக்குறது ஆரோ, அவியளுக்குத்தான் இன்னைக்குச் சவாரி" என்றார் அப்பா. பொட்டப்பிள்ளை குதிரை ஏறுவதா என்று அம்மாவின் முகம் மாறியது.

அண்ணன் உடனே ஈரச் சேற்றைத் தேய்த்தான். அது மயிருக்குள் இன்னும் அப்பியது. சலித்துப்போய் பிரஷை என்னிடம் எறிந்தான். நான் தேய்க்கவில்லை. மழை விட்டதும் செம்பியை வெயிலில் கட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் படித்தேன்.

"ஏட்டி, படிச்சுக் காட்டினா சேறு போயிருமா?"

"காயட்டும் அண்ணே."

மத்தியானம் சேறு வெளுத்துக் காய்ந்தது. தேங்காய்த் தும்பால் தேய்த்தேன், பொடியாய் உதிர்ந்தது. சேணம் அழுந்தும் இடத்தில் மணல் ஒட்டியிருந்தால் புண்ணாகிவிடும் என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தேன்.

அப்பா செம்பியின் முதுகைத் தடவித் தன் உள்ளங்கையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"ஏறு மக்கா."

கோயில் வரை போய்த் திரும்பினேன். வாசல் கதவைத் திறந்துவிட்டது அண்ணன்தான்.

அம்மா இதுவரை என்னோடு பேசவில்லை. ஆனால் சேறு படிந்த என் பாவாடையை அம்மாவே துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள்.