மூலையில் அம்பு போட்ட ஃபோல்டர்

கொரட்டூர்
9.11.2025

அன்புள்ள நிர்மலுக்கு அம்மா ஆசையுடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், ஐப்பசி மழையில் ஏரி நிறைந்துவிட்டதால் கொசு எங்களைவிடச் சுகம். அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் கனடாக் குளிருக்குப் பழகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், பதினான்கு வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போட மறக்க வேண்டாம் என்று மருமகளிடம் சொல். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, சப்வேயில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்து வருவதற்கென்றே தினமும் ஸ்டேஷன் வரை நடக்கிறார், நின்றால் நமக்கென்ன நிற்காவிட்டால் நமக்கென்ன என்று கேட்டால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

இந்தக் கடிதம் நீ கொடுத்துவிட்டுப் போன லினக்ஸில் அடித்தது. நம் கம்ப்யூட்டரின் வயசுக்குப் புது விண்டோஸ் ஏறாது என்று தையில் வந்தபோது நீ சொன்னாய், பென் டிரைவில் லினக்ஸைப் போட்டு, செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினாய். கிளம்புவதற்கு முன் நீயே மாற்றித் தருவதாகச் சொன்னாய், முப்பது வருஷம் ஆபீஸில் டைப் அடித்தவளுக்கு இதைக்கூடச் செய்யத் தெரியாதா என்று நான்தான் உன்னைத் தடுத்தேன். ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு, பழைய விண்டோஸின் காலம் முடிந்தது என்று திரையில் தினமும் வந்து பயமுறுத்தியதால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பால் காய்ச்சி வருவேன், இப்போது அடுப்பைப் பற்றவைப்பதற்குள் வந்து நிற்கிறது. பிரிண்டர் சி.டி. கேட்காமல் வேலை செய்கிறது. பட்டனெல்லாம் தமிழில் வருகிறது, சில வார்த்தை சட்டசபை மாதிரி இருந்தாலும் யாரோ முகம் தெரியாதவர்கள் சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து எழுதியது என்று நீ சொன்னதால் நான் குறை சொல்வதில்லை.

தமிழ் அடிப்பதுதான் முதலில் உதைத்தது, விண்டோஸில் நீ பழக்கிவிட்ட வேறு விசை வரிசை இதில் வரவில்லை. அம்மா என்ற வார்த்தைக்கு இங்கிலீஷில் ஏ, எம், எம், ஏ, ஏ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்ட வேண்டியிருந்தது, தட்டச்சில் தமிழ் ஹையர் பாஸ் செய்தவளுக்கு வெட்கமாகிவிட்டது. மாடி வீட்டு ஜெபா, பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் எடுக்கிறாளே அவள், ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து பழைய தட்டச்சு இயந்திரத்தின் விசை வரிசை இதிலேயே இருப்பதைக் காட்டினாள். கையை வைத்தேன் நிர்மல், விரல்கள் என்னைக் கேட்காமலே போயின. அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்து இன்ஸ்டிடியூட்டில் விசைகளைப் பார்க்கக் கூடாது என்று கைக்கு மேல் அட்டையைக் கவிழ்த்து வைப்பார்கள், அந்த அட்டை இப்போதும் கை மேல் இருப்பதுபோல நான் திரையை மட்டும் பார்த்து ஒரு பக்கம் அடித்தேன். வரி முடியும்போது மணி அடிக்கும் என்று காது காத்திருந்தது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கூட்டுறவுப் பண்டகசாலையில் எனக்கு வேலை கிடைத்த புதிதில், லேத் பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு ஒருவர் புகார் கொடுக்க வந்தார், எழுத வராது நீயே அடி என்று என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சொன்னார். ரவையில் வண்டு கீது என்று அவர் சொன்னதை நான் வண்டுகள் காணப்படுகின்றன என்று திருத்தி அடித்தேன். வாங்கிப் படித்துவிட்டு, நான் எங்க காணப்படுதுன்னு சொன்னேன், சொன்னத சொன்ன மாதிரி அடி என்று திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு அந்தத் தாளை நான் கசக்கி எறிந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. அந்த மனுஷரையே கட்டிக்கொண்டேன், அதன்பிறகு அவர் சொன்னதில் ஒரு எழுத்தைத் திருத்தியதில்லை.

இனிமேல்தான் சொல்ல வேண்டியது இருக்கிறது. உனக்கு எழுதிய கடிதங்களின் நகல் முழுவதும் போய்விட்டது. பழையதை முதலில் எடுத்து வைத்துக்கொள் என்று உன் தாளில் முதல் வரியாகவே எழுதியிருந்தாய், நானும் எடுத்து வைத்தேன். திரையில் நிர்மல் கடிதங்கள் என்று ஒரு மஞ்சள் ஃபோல்டர் இருக்குமே, மூலையில் சின்ன அம்பு போட்டது, அதைப் பிடித்து வேறொரு பென் டிரைவில் போட்டேன். கண் சிமிட்டுவதற்குள் போய்விட்டது. நூற்று அறுபது கடிதம் ஒரு நொடியில் ஏறிவிட்டது, இந்தக் காலத்து பென் டிரைவுக்கு என்ன வேகம் என்று அப்பாவிடம் பெருமை பேசினேன். அதோடு விடாமல் சரிபார்த்தேன், பென் டிரைவிலிருந்தே திறந்தேன், எல்லாக் கடிதமும் தேதிவாரியாக நின்றது. பிறகுதான் டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டுப் போடவா என்று லினக்ஸ் கேட்டதற்குச் சரி என்றேன். மறுநாள் பென் டிரைவைப் போட்டால் உள்ளே ஒன்றுமில்லை, திறக்காத ஒரு பொடிக் கோப்பு மட்டும் இருக்கிறது. ஜெபா பார்த்துவிட்டு, ஆன்ட்டி இது ஃபோல்டரே இல்ல, ஃபோல்டர் எங்க இருக்குன்னு காட்டுற அம்பை மட்டும் எடுத்து வெச்சிருக்கீங்க என்றாள். அதைத் திறந்தபோதெல்லாம் அது என்னைப் பழைய இடத்துக்கே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறது, அந்த இடத்தைத்தான் நான் என் கையால் அழித்தேன். அம்பத்தூரில் ஒரு கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்து கையை விரித்துவிட்டார்.

என் எழுத்து போனதற்கு நான் அழவில்லை, வெங்காய விலையும் பக்கத்து வீட்டுக் கல்யாணமும்தானே அதில் இருந்தது. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அப்பா நாற்காலிக்குப் பின்னால் நின்று இரண்டு வரி சொல்வாரே, அதற்காகத்தான் அழுதேன். வெள்ளம் வந்த வருஷம், தண்ணி ஊட்டுக்குள்ள வந்துகினு கீது, நீ வராத என்று சொன்னார். உன் வேலை போனபோது, வேல போனா இன்னா, நீ போவலியே என்றார். எனக்கு இப்படி ஏழெட்டுதான் நினைவில் நிற்கிறது. மற்றதெல்லாம் என்ன என்று அவரைக் கேட்டேன், நானா சொன்னேன் அதெல்லாம் என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். என்மேல் கோபப்படவில்லை. போனா போவட்டும் சுலோ, ஆளு கீறேன் இல்ல, மறுபடி சொல்றேன் என்றார், அதைக் கேட்டதும்தான் எனக்கு இன்னும் அழுகை வந்தது. அவருக்கு எழுபத்தைந்து ஆகப்போகிறது.

மூன்று வாரமாக நீ போனில் லினக்ஸ் எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி மறைத்தேன். இப்போது கேட்கிறேன், நான் தபாலில் போட்ட கடிதங்களை நீ வைத்திருக்கிறாயா? அங்கே போனதிலிருந்து நான்கு வீடு மாறிவிட்டாய், ஒவ்வொரு மாற்றத்திலும் காகிதத்தைத்தான் முதலில் கழிப்பார்கள், எனக்குத் தெரியாதா. வீடியோ போனில் கேட்டால் நீ வாயைத் திறப்பதற்கு முன் உன் முகம் சொல்லிவிடும், அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன். இருந்தால் அப்பாவின் வரிகளை மட்டும் படம் எடுத்து அனுப்பு. இல்லையென்றால் இல்லை என்றே எழுது, அம்மா மனசு ஆறட்டும் என்று பொய் சொல்லாதே. தாங்கிக்கொள்வேன்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் அன்றைக்கே பேசிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு. உன்னிடம் முக்கியமானது எதுவாக இருந்தாலும் இரண்டு இடத்தில் வை, அம்பு போட்டதை நம்பாதே.

என்றும் உன் நினைவில்,
அம்மா சுலோசனா

அப்பா வந்து பின்னால் நிற்கிறார். மேலே நான் அடித்ததை எல்லாம் படித்துவிட்டார் போலிருக்கிறது. அவர் சொல்வது:

நிர்மலு, உங்கம்மா மூணு வாரமா சரியா துன்னல. லெட்டருங்க கீதுன்னா நல்லது. இல்லன்னாலும் கீதுன்னே எழுதிடு.