ஒரே அழைப்பில் படிக்கலாம் என்றாயே, மாப்ள

என் தங்கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஆவதற்கு முன்பே, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எனக்குத் தோழனாகிவிட்ட செல்வராசு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வாய் வருகிறது. நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. போனில் யாரையாவது தேடும்போது விரல் இன்னும் உன் பெயரில் போய் நிற்கிறது, என்ன செய்யச் சொல்கிறாய்?

கம்பைநல்லூர் வீட்டில் எல்லோரும் சுகம். பூங்கொடி பட்டுப்புழு மனையைக் கைவிடவில்லை. போன வாரம் எடுத்த கூடு நல்ல கெட்டி. உன் மகள் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்கிறாள், அப்பனைப் போலவே. ஆனால் இதைச் சொல்ல நான் எழுதவில்லை. நான் உனக்கு ஒரு தப்பு செய்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு செய்தது. போன மாதம்தான் எனக்கே தெரிந்தது.

கொஞ்சம் பொறு, முதலிலிருந்து வருகிறேன். நேராகச் சொல்ல தைரியம் இல்லை.

கல்லூரி லேபில் ஓடாத கம்ப்யூட்டர் எதுவோ அதன் முன்னால்தான் நீ போய் உட்காருவாய். ஓடுகிறதில் நான் உட்காருவேன். அப்போதே நம் இரண்டு பேர் குணமும் தெரிந்துவிட்டது. இருவருக்கும் பெங்களூரில் வேலை கிடைத்தது. இரண்டே வருடம் தாக்குப்பிடித்தாய். "டேய் மச்சான், சிக்னல்ல நிக்கறதுக்காடா படிச்சோம்?" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாய். எனக்கு அன்று வந்த கோபத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

ஊரில் புழு மனையின் நான்கு மூலையிலும் தட்டுகளுக்கு இடையிலும் சென்சார் கட்டினாய். வெயில் ஏறினால், ஈரம் குறைந்தால், உள்ளங்கை அளவு போர்டு ஒன்று தானாகத் தண்ணீர் தெளிக்கும். சோலார் தகடும் ஒரு பேட்டரியும்தான் அதற்குச் சோறு. "உங்க மாப்ள புழுவுக்கு ஏசி போட்டுருக்காருங்களாமே" என்று ஊரே கேலி செய்தது. அடுத்த கோடையில் அதே ஊர் வந்து எட்டிப் பார்த்தது.

தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்து நாம் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா? சேலத்தில் கல்யாணம், போய்ச் சேர்ந்தபோது பந்தியே முடிந்திருந்தது. அந்த மூன்று மணி நேரமும் ரோட்டோர டீக்கடை பெஞ்சில் நீ பேசியதெல்லாம் ஒரே விஷயம். உனக்குத் தெரியாததா, கூட இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: கம்ப்யூட்டரில் எந்த புரோகிராமும் ஒரு கோப்பைத் தானாகத் தொட முடியாது. உள்ளே கர்னல் என்று ஒரு எஜமான் இருக்கிறான். அவனிடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்குத்தான் சிஸ்டம் கால் என்று பெயர். திற என்று ஒன்று, படி என்று ஒன்று, மூடு என்று ஒன்று; ஒவ்வொரு தடவை கேட்பதற்கும் கொஞ்சம் நேரம் செலவு. உன் சென்சார் ஒவ்வொன்றும் கர்னலுக்குள் ஒரு குட்டிக் கோப்பு. உள்ளே மூன்று எண் இருந்தால் அதிகம்.

"தாகத்துக்கு ஒரு வூட்டுக்குப் போறோம் மச்சான். கதவத் தெறன்னு கேக்க ஒருக்கா செருப்பக் கழட்டணும். தண்ணி குடுன்னு கேக்க இன்னொருக்கா. கதவச் சாத்திக்கோன்னு சொல்ல மூணாவது தரம். ஒரு சொம்புத் தண்ணிக்கு மூணு தரமாடா கழட்டுவ?"

"அண்டா நெறைய மோந்துட்டு வர்றவனுக்கு அது ஒரு சிரமமா?" என்றேன் நான்.

"அண்டாக்காரன் கெடக்கறான். சொம்போட போறவன் கதியச் சொல்லு. என் போர்டு பொழுதன்னிக்கும் சொம்போடதான்டா அலையுது."

திறந்து, படித்து, மூடி, எல்லாவற்றையும் ஒரே அழைப்பில் முடித்துக் கொடுக்கும் புது சிஸ்டம் கால். அதுதான் உன் ஆசை. இந்த யோசனை உனக்கு முன்பும் சிலருக்கு வந்திருக்கிறது என்று நீயே தேடிக் கண்டுபிடித்துச் சொன்னாய். அதனால் உன் உற்சாகம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை.

நாலே மாதத்தில் எழுதி முடித்து, கர்னலுக்கு ஒரு திருத்தமாக, அதை எழுதுகிறவர்களின் மெயில் லிஸ்டுக்கு அனுப்பினாய். அங்கே எல்லாம் பகிரங்கம்தான், பாராட்டும் அடியும். "ஒரு அழைப்பைச் சேர்த்தால் பிறகு எந்தக் காலத்திலும் எடுக்க முடியாது. அதற்குத் தகுந்த லாபம் இருக்கிறதா? வேறு யாராவது அளந்து காட்டட்டும்" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நீ எனக்குப் போன் செய்தாய். "நீ ஒருக்கா அளந்து போடு மச்சான், போதும்."

அளந்தேன். இரண்டு மீட்டிங்குக்கு நடுவில், பத்து நிமிடத்தில். என் ஆபீசின் பெரிய மெஷினில் ஓட்டிவிட்டு லிஸ்டில் எழுதினேன்: புது அழைப்பு பழைய வழியைவிட மெதுவாகத்தான் ஓடுகிறது. அதோடு விட்டேனா? சொந்தக்காரனுக்குப் பரிந்து பேசுகிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம். "கர்னலை மாற்றுவதைவிட போர்டை மாற்றுவது சுலபம்" என்று ஒரு வரியைச் சேர்த்தேன். நாலு பேர் அதற்குச் சிரித்துப் பதில் போட்டார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, மாப்ள. மறைக்க மாட்டேன்.

நீ ஒரே வரி எழுதினாய். "சோதித்ததற்கு நன்றி. திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன்."

அந்தப் பொங்கலுக்கு வந்தபோது நீ ஏதாவது கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கரும்பைக் கடித்துக்கொண்டு, ஏரியூர்ப் பக்கம் ஒருவர் தன் மனைக்கும் போர்டு கேட்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். கொஞ்சமாவது சண்டை போட்டிருக்கலாமே. அடுத்த வருடம், மல்பெரித் தழை அறுக்கப் போன காலையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

போன மாதம் பூங்கொடி கூப்பிட்டாள். "அண்ணா, அந்தப் போர்டு பேச்சே கேக்க மாட்டேங்குதுங்க. புழு தோலுரிக்கற நேரம். ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க." போனேன். ஒரு ஒயரை எலி கடித்திருந்தது, அவ்வளவுதான். சரிசெய்த பிறகும் கிளம்ப மனம் வரவில்லை. உன் நாற்காலியில் உட்கார்ந்து, நான் அன்று அளந்த பழைய சோதனை புரோகிராமை எடுத்து உன் போர்டில் ஓட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஓட்டுவதற்கு முன் சும்மா ஒரு தரம் படித்தேன்.

கோப்பைத் திறக்கும் வரி, திரும்பத் திரும்ப ஓடும் சுற்றுக்கு வெளியே நின்றது. மூடும் வரியும் வெளியே. நடுவில் படிக்கும் வரி மட்டும் லட்சம் தடவை சுற்றிக்கொண்டிருந்தது.

புரிகிறதா, மாப்ள? உன் அழைப்பை ஒவ்வொரு தடவையும் திறக்க, படிக்க, மூட வைத்தேன். பழைய வழிக்கு மட்டும் ஒரே ஒரு தடவை கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளேயே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். முதல் வருட மாணவன் செய்யும் தப்பு. மூன்று வேலையை ஒன்றாக முடிப்பது மூன்றைவிட மெதுவாக எப்படி ஓடும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா? உன்னோடது தோற்றால் ஆச்சரியமில்லை என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேனோ என்னவோ.

அந்த இரண்டு வரிகளையும் உள்ளே தள்ளி மறுபடி ஓட்டினேன். நீ சொன்னது சரி. மலையைப் புரட்டும் வித்தியாசம் இல்லை. பெரிய மெஷினில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேட வேண்டும். உன் சின்னப் போர்டில் பளிச்சென்று தெரிந்தது.

என் முகத்தைப் பார்த்துப் பூங்கொடி என்ன என்று கேட்டாள். சொன்னேன். என் தங்கை பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவள்தானே, பாதியிலேயே புரிந்துகொண்டாள். தழைக் கூடையைக் கீழே வைத்தாள்.

"அப்பவே நான் அவருகிட்டச் சொன்னேங்கண்ணா, அண்ணன் புரோகிராம வாங்கிப் பாருங்கன்னு. 'உங்கண்ணன் அளந்தா அளந்ததுதான் புள்ள'ன்னு என் வாய அடச்சுட்டாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை நம்பித்தான் நீ சண்டை போடவில்லை. நான் உன் மேல் வைக்காத நம்பிக்கையை நீ என் மேல் வைத்திருந்தாய். மன்னித்துக்கொள் புள்ள என்று அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்னங்கண்ணா ஆவுது? ஊரறியச் சொன்னத ஊரறியத்தான் திருப்பிச் சொல்லணும். போயிச் சொல்லுங்க."

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். என் பெயரை நம்பி என்னவெல்லாம் நடக்கிறது, இதை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்றெல்லாம் மனசு வக்காலத்து வாங்கியது. நாலாம் நாள் காலையில் என் பழைய மெயிலுக்குக் கீழேயே எழுதினேன்: என் சோதனை தவறு, புரோகிராமை இணைத்திருக்கிறேன், அந்தக் கேலிக்கு வெட்கப்படுகிறேன். உன் திருத்தத்தை இப்போதைய கர்னலுக்குப் பொருந்தும்படி செய்து அதையும் அனுப்பினேன். அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. யார் அனுப்பினாலும் எழுதியவன் பெயர்தான் முதலில் நிற்கும். உன் பெயர் நின்றது.

இன்று ஒரு பதில் வந்திருக்கிறது. எந்த நாட்டுக்காரரோ, நம்மைத் தெரியாதவர். "வணக்கம் செல்வராசு, கோப்பு நாம் ஒதுக்கிய இடத்தைவிடப் பெரியதாக இருந்தால் என்ன செய்வதாக உத்தேசம்?" என்று உன்னைக் கேட்டிருக்கிறார். நீ இருக்கிறாய் என்றே நினைத்துக் கேட்டிருக்கிறார். அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் அந்தக் கேள்வி உன் பெயரிலேயே இருக்கட்டும்.

நாளையிலிருந்து உன்னைக் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் நான் பதில் சொல்கிறேன், மாப்ள. மறுபடியும் வேண்டாமென்று சொல்வார்கள், அநேகமாக. சொல்லட்டும். அதில் இருக்கும் குறைக்காகச் சொல்லட்டும். இனி என்னால் அது தோற்காது.

உன் பூங்கொடியின் அண்ணன்,
உன் மகளின் மாமன்,
உன் மச்சான்