ஜெபத்துக்குள் இருந்த கத்தி

அன்புள்ள எப்சிபாவுக்கு,

ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால நீயும் அம்மாவும் நம்ம பாப்பாவும் சுகமா இருப்பீங்கன்னு நம்புறேன். நான் நல்லாயிருக்கேன். நெத்தியில மட்டும் நாலு தையல். போன்ல சொன்னா நீ அழுவ, அதான் எழுதுறேன்.

இந்த வெளிநாட்டுல, பெர்மாஸ் ஜெயா ஊர்க் கடையில என்கூட ரொட்டி சானாய், அதான் இங்கத்துப் பரோட்டா, போடுற கமலநாதனைப் பத்திச் சொல்லியிருக்கேனே. செவ்வாய்க்கிழமை மத்தியானக் கூட்டத்துல மாவு தீர்ந்துபோச்சுன்னு, செத்துப்போன எங்கப்பாவை இழுத்துக் கேவலமாத் திட்டினான். நான் கறி வெட்டுற கத்தியை எடுத்து, அவன் கழுத்தைப் பிடிச்சு சுவரோட நெரிச்சேன். கத்தி முனை தொண்டையில பட்டு ரத்தம் கசிஞ்சுது. அவன் இரும்புக் கரண்டியால என் நெத்தியைப் பிளந்தான். அவன் கண்ணுல சாவு பயத்தைப் பார்த்ததும்தான் கத்தியைக் கீழ போட்டேன். முதலாளி ஜஹாங்கீர் பாய் வந்து பிரிச்சுவிட்டார். போலீசுக்குப் போகலை.

எப்சி, அது அந்த நிமிஷத்துக் கோபம் இல்ல. அவன் திட்டுறதையெல்லாம் மனசுல வச்சு, மூணு மாசமா முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணும்போதே உள்ளுக்குள்ள அவனை அடிச்சுக்கிட்டுதான் இருந்தேன். இருதயத்தைக் காவல் இல்லாமத் திறந்து போட்டுட்டேன்.

மறுநாள் அவன்கிட்ட போய், "மனசுல உன்னைப் பல தடவை கொன்னுட்டேன், மன்னிச்சிடு"ன்னேன்.

"உனக்கென்ன பைத்தியமா லா?"ன்னு இந்த ஊர்ப் பேச்சுல சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டான்.

பாப்பா சர்ச் ஓய்வுநாள் பள்ளியில பாடுறதைப் பதிவு பண்ணி அனுப்பு. நீ பேசுறதும் அதுல கொஞ்சம் இருக்கட்டும்.

இன்னைக்கும் அவன் திட்டினான். கை சும்மா இருந்துச்சு, உள்ள கொதிச்சுது. காயம் தானா ஆறிடும். இந்தக் கொதிப்புக்காக ஜெபம் பண்ணு. கடையில கூப்பிடுறாங்க, போறேன்.

உன்
கிதியோன்